நிலா ஜமீரின் தங்கை

செட்ரோஸில் ஜொபீதா காசிமை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பி.ஆர்.ஓ. என்றுதான் கூப்பிடுவார்கள். ரொட்டிக் கடை வரிசையில் அவள் நின்றால் யாராவது கத்துவார்கள்: "பி.ஆர்.ஓ.வுக்கு முதல்ல குடுங்கப்பா, இல்லன்னா நாளைக்கு நம்மளப் பேப்பர்ல போட்டுருவா!"

அவளும் விடமாட்டாள். "உன்னப் பேப்பர்ல போட ஒரு காரணம் சொல்லு, போடறேன்" என்பாள்.

சம்பளமில்லாத வேலை. பதினொரு வருஷமாகப் பார்த்தாள். ட்ரினிடாட்டின் தென்மேற்கு மூலையில் இருக்கிற ஒன்பது பள்ளிவாசல்களும் சேர்ந்து ஒரு சங்கம். பத்திரிகையோ ரேடியோவோ டிவியோ எது கூப்பிட்டாலும் சங்கத்துக்காகப் பேசுகிற வாய் ஜொபீதாவுடையது. பகலில் சான் பெர்னாண்டோவில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் வரி விளம்பரம் வாங்கும் மேசையில் உட்கார்ந்திருப்பாள். அந்த மேசைதான் அவளை இதில் இழுத்துவிட்டது. ஒரு வருஷம் பெருநாள் வாழ்த்துக்குப் பக்கத்தில் மொஹர்ரம் ஊர்வலப் படத்தைப் போட்டுவிட்டார்கள். ஜொபீதா நேராக மாடியேறி ஆசிரியர் அறைக்குப் போய், "ஈஸ்டருக்குக் கார்னிவல் படம் போடுவீங்களா சார்?" என்று கேட்டாள். மனுஷர் சிரித்துவிட்டார். மறுநாள் மன்னிப்பு அச்சானது. அந்த வாரமே சங்கத் தலைவர் ஹாஜி சுல்தான் வீடு தேடி வந்தார்.

நன்றாகத்தான் செய்தாள். உலகத்தில் எங்கோ குண்டு வெடிக்கும், உடனே இங்கே செட்ரோஸில் அவள் போன் அடிக்கும். "உங்க சமூகம் என்ன சொல்லுது?" என்று எவனாவது கேட்பான். "எங்க சமூகம் இப்ப மீன் அலசிட்டிருக்கு, கை கழுவிட்டு வந்து சொல்லுது" என்பாள். அவன் தர்மசங்கடப்பட்டு நெளிந்த பிறகு, ஒரு வார்த்தை பிசகாமல் நான்கு வரி சொல்வாள். சொன்னபடியே அச்சாகும்.

விளம்பர மேசையில் கற்ற இரண்டு விஷயங்களை அவள் சங்கத்துக்கே பாடமாக எடுத்திருந்தாள். ஒன்று, ஆள் பெயரைப் போடணும், ஊரைப் போடணும், ஒரே வரியில் சொல்லணும். "யாரோ ஒருத்தர் சொன்னாருன்னா எவன் நம்புவான்?" இரண்டாவது, தப்பு வெளியே போய்விட்டால் அதை மறுபடி வாயால் சொல்லாதே. சொல்லச் சொல்ல வளரும். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு வாரத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

அவளுடைய அண்ணன் ஜமீர் மீனவர். பத்து வயது மூத்தவர். அப்பா கடலோடு போனபோது ஜொபீதாவுக்கு எட்டு வயது. ஜமீரின் படகுதான் அவளைப் படிக்க வைத்தது. அதிகம் பேசாத மனுஷர். அவள் ரேடியோவில் பேசும் நாட்களில் படகில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு கேட்பார். கரைக்கு வந்ததும், "இன்னிக்கு வேகமாப் பேசிட்ட, ஜொபி" என்பார். அல்லது, "நல்லாருந்துச்சு." அந்த 'நல்லாருந்துச்சு'வுக்காகத்தான் அவள் பதினொரு வருஷம் பேசினாள் என்றால் மிகையில்லை.

அந்த வருஷம் ரமலான் இருபத்தொன்பதாம் நாள் மாலை. நோன்பு திறந்து மக்ரிப் தொழுதுவிட்டு, பிறைக் குழு பள்ளிவாசல் அறையில் உட்கார்ந்திருந்தது. பிறை தெரிந்தால் நாளைக்குப் பெருநாள், தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. மேற்கே முழுக்க மேகம். எங்கிருந்தும் செய்தி இல்லை. ஏழு மணிச் செய்திக்கு இன்னும் பத்து நிமிஷம். ஜொபீதா காதில் வைத்திருந்த போனில் ரேடியோ நிலையத்துக்காரன் காத்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் ஜமீர் வந்தார். சட்டையெல்லாம் மீன் செதில். பின்னால் அவரோடு படகில் போகும் அஷ்மீர்.

இமாம் சாஹிப் விசாரித்தார். "எந்தப் பக்கம் பாத்தீங்க, ஜமீர்?"

"சூரியன் எறங்கின எடத்துக்கு இடப்பக்கம், சாஹிப்."

"எவ்ளோ உயரம்?"

ஜமீர் கையை நீட்டி இரண்டு விரலைக் கிடையாக வைத்துக் காட்டினார். "இவ்ளோதான்."

"எப்படி இருந்துச்சு?"

ஜமீர் கொஞ்சம் யோசித்தார். "நூல் மாதிரி. வலையிலேந்து பிஞ்ச நூலு தண்ணிமேல மெதக்குமே, அந்த மாதிரி. பாத்தேன். ஒடனே மேகம் மூடிருச்சு. மறுபடி தேடினேன், இல்ல."

"நீங்க, அஷ்மீர்?"

"ஜமீர் பாய் கை காட்டினாரு. நானும் பாத்தேன், சாஹிப்."

"சத்தியம் பண்ணுவீங்களா?"

"என் கண்ணு பாத்ததுக்குப் பண்றேன்" என்றார் ஜமீர். "ஆனா சாஹிப், வேற ஊர்லயும் கேட்டுக்கங்க. நாங்க ரெண்டு பேர் சொல்லி ஊரே..."

"சாட்சி ரெண்டு வந்தாச்சு, சத்தியமும் ஆச்சு" என்றார் ஹாஜி சுல்தான், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. இமாம் சாஹிப் கண்ணை மூடி யோசித்தார், பிறகு தலையசைத்தார். ஹாஜி திரும்பினார். "ஜொபீதா, சொல்லிரு."

அவள் காகிதத்தில் எழுதினாள். கை பறந்தது. 'செட்ரோஸ் மீனவர் ஜமீர் காசிமும் அவருடன் சென்ற ஒருவரும் இன்று மாலை பிறையைத் தெளிவாகக் கண்டனர். நாளை பெருநாள்.' ஆள் பெயர் இருந்தது, ஊர் இருந்தது. ஏழு மணிக்கு அது நாடு முழுக்கக் கேட்டது.

மறுநாள் காலை தொழுகை முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி ஷைரூன் சேமியாவைப் பாலும் திராட்சையும் போட்டு இறக்கியிருந்தாள். ஜமீர் கிண்ணத்தை நீட்டியபடியே கேட்டார்:

"தெளிவான்னு நான் சொல்லலியே, ஜொபி?"

"ரேடியோவுல போய் நூலு கீலுன்னா எடுபடாது, பாய். ஒரே சொல்லா நச்சுன்னு இருக்கணும்."

"ஓகோ" என்று சிரித்தார். அவ்வளவுதான். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

கேட்டதெல்லாம் மற்றவர்கள். நாட்டின் மற்ற சங்கங்கள் பெருநாளை அடுத்த நாள்தான் வைத்தன. டிவியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்து படம் போட்டுக் காட்டினார். அன்று மாலை சூரியன் மறைவதற்கு முன்னாலேயே நிலா மறைந்துவிட்டதாம். எட்டு நிமிஷம் முன்னால். செட்ரோஸில் யார் கண்ணிலும் பட்டிருக்க வழியே இல்லையாம்.

காலை ரேடியோ நிகழ்ச்சியில் ராண்டல் என்று ஒருவன். நாக்கு நீளம். "நேயர்களே, செட்ரோஸ் மீனவர் ஜமீர் காசிம் நேத்து எங்க ஸ்டுடியோவையும் தெளிவாப் பாத்திருக்காரு, அவரு வீட்டு வாசல்லேந்து!" என்று ஆரம்பித்தான். நேயர்கள் போன் போட்டுப் போட்டுச் சேர்த்தார்கள். மூன்று நாளில் பெயர் வந்துவிட்டது. நிலா ஜமீர். மீன் இறக்கும் இடத்தில், "இந்த மீனுக்குக் கண்ணு தெளிவா இருக்கா, இல்ல உன் கண்ணு மாதிரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்கள். பள்ளிக்கூட வண்டி போகும்போது ஜன்னலெல்லாம் விரல்கள் வானத்தைக் காட்டும். "நிலா! நிலா!"

அஷ்மீரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. 'அவருடன் சென்ற ஒருவர்' யாரென்று யாருக்குத் தெரியும்!

பத்திரிகைகள் சங்கத்தைக் குடைந்தன. ஜொபீதா ஒரு அறிக்கை எழுதினாள். 'சாட்சி சொன்னவர் பார்த்ததைச் சொன்னார். முடிவெடுத்தது நாங்கள். பொறுப்பும் எங்களுடையது.' ஹாஜி சுல்தான் பேனாவை எடுத்துக் கடைசி இரண்டு வரியையும் அடித்தார், முதல் வரியையும் மாற்றி எழுதினார். "எதுக்குத் தலைய நீட்டணும்? சாட்சியத்த நம்பினோம், அவ்ளோதான்." அவள் வாதாடினாள். பிறகு போன்கள் அடித்துக்கொண்டே இருந்ததில், அடித்தது அடித்தபடியே டைப் செய்து அனுப்பிவிட்டாள். தன் கையால். அச்சில் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. 'அந்த நபரின் சாட்சியத்தை நம்பி' என்று இருந்தது. பெயர்கூட இல்லை, அந்த நபர்.

வெள்ளிக்கிழமை இமாம் சாஹிப் பள்ளியில் சொன்னார்: ஒரு நோன்பு தவறிவிட்டது, அன்று சாப்பிட்டவர்கள் எல்லாரும் பிறகு ஒரு நாள் அதை வைத்துவிடுங்கள். அது உள்வீட்டு விஷயம், பத்திரிகைக்கு வேண்டாம் என்று ஜொபீதாதான் சொன்னாள்.

ஒன்றரை மாதம் கழித்து அண்ணி போன் செய்தாள். ஷைரூன் சாதாரணமாகப் போன் செய்கிறவளே இல்லை.

"உங்கண்ணன் நோன்பு வைக்கிறாரு, ஜொபீதா."

"வைக்கட்டுமே அண்ணி. அந்த ஒண்ணுதானே?"

"ஒண்ணா? வெள்ளிக்கிழம தவிர தினம் தினம் வைக்கிறாரு. வெயில்ல கடலுக்கும் போறாரு. சுகர் மாத்திரையத் தொடறதில்ல. நான் சொன்னா காதுல வாங்கினாத்தானே!"

அன்று சாயங்காலமே ஓடினாள். ஜமீர் வீட்டுக்குப் பின்னால் வலை தைத்துக்கொண்டிருந்தார். கன்னம் உள்ளே போயிருந்தது. உதடு வெடித்திருந்தது.

"என்ன பாய் இது?"

"என்னை நம்பித்தானே சாப்ட்டாங்க."

"அதுக்கு?"

"ஊரு வாசல்லேந்து ஆரம்பிச்சிருக்கேன். வீட்டுக்கு ஒரு நாள். இன்னிக்கு ரம்ஜான் அலி வீடு. நாளைக்கு அந்த வண்டிப் பட்டறைக்காரன்."

"ஒருத்தர் நோன்ப இன்னொருத்தர் வைக்க முடியாதுன்னு இமாம் சாஹிப் சொல்லலியா உங்களுக்கு?"

"சொன்னாரு."

"அப்புறம்?"

"அவரு சொல்றது சரிதான்" என்றார் ஜமீர், ஊசியில் நூல் கோத்தபடி. "ஆனா எனக்கு வேற என்ன செய்யத் தெரியும், ஜொபி? உன்ன மாதிரிப் பேசத் தெரியுமா?"

அண்ணன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசம். "பாய், ஒண்ணு கேக்கறேன். நீங்க நிஜமாவே பாத்தீங்களா?"

ஊசி நின்றது. "பாத்தேன்" என்றார். "அந்தப் படிச்ச மனுஷன் இல்லங்குறாரு. அவரு பொய் சொல்ல மாட்டாரு. ஆனா நானும் பொய் சொல்லலியே. என்னத்தப் பாத்தேனோ, அத பாத்தேன்."

மறுநாள் அவள் ஹாஜி சுல்தானின் ஹார்டுவேர் கடையில் நின்றாள். பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே காகிதத்தை நீட்டினாள். திருத்தம். சாட்சியின் மேல் குற்றமில்லை, முடிவு குழுவுடையது, 'தெளிவாக' என்ற சொல் அவர் சொன்னதல்ல. கீழே சங்கத்தின் முத்திரை வேண்டும்.

ஹாஜி படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தப்பு வெளிய போயிட்டா மறுபடி வாயால சொல்லாதேன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு, ஜொபீதா?"

"நான்தான், ஹாஜி."

"இப்பத்தான் ரெண்டு வாரமா யாரும் போன் பண்ணல. நீயே போய் விட்ட எடத்துலேந்து ஆரம்பிக்கணுங்கிற."

"எங்கண்ணன் சாகறாரு, ஹாஜி."

"அல்லாஹ் காப்பாத்துவான். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போம்மா." ஒரு ஆள் ஆணி கேட்டு வந்தான். ஹாஜி எழுந்துபோய்விட்டார்.

அவள் ராண்டலின் நிகழ்ச்சிக்கே போனாள். சங்கத்தைக் கேட்கவில்லை. மைக் முன்னால் உட்கார்ந்து சொன்னாள்: எங்கள் அண்ணன் நூல் மாதிரி என்றுதான் சொன்னார். தெளிவாக என்று எழுதினது நான். அவர் பெயரை நாடு முழுக்கச் சொன்னதும் நான். மற்ற ஊரில் கேளுங்கள் என்று அவர் கெஞ்சினார், நாங்கள் கேட்கவில்லை. குரல் உடைந்துவிட்டது. ராண்டல்கூடத் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான். பிறகு பழக்கதோஷம், "நிலா ஜமீர் கேட்டுட்டிருந்தீங்கன்னா, உங்களுக்காக" என்று சொல்லி, நிலாவைப் பற்றி ஒரு பாட்டைப் போட்டான்.

இரண்டு நாளில் சங்கம் அவளைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. நன்றியோடுதான்.

ஜமீர் படகில் கேட்டிருந்தார். ரேடியோவில் பேசின அன்று மாலையே அவள் கரையில் காத்து நின்றாள். அவர் படகை இழுத்துப் போட்டார், அவளைப் பார்த்தார்.

"வேகமாப் பேசிட்டேனா, பாய்?" என்று கேட்டாள்.

"இல்ல. மெதுவாத்தான் பேசின." கயிற்றைக் கட்டினார். "ஆனா ஜொபி, எல்லாரும் இப்ப என்ன நெனைப்பாங்க? பாவம், அந்த ஆளுக்கு என்ன பாத்தோம்னே தெரியலன்னு. முன்னாடி பொய்யன்னு சொன்னாங்க. இனிமே பாவம்னு சொல்லுவாங்க." அவள் அழ ஆரம்பித்ததும், மீன் நாற்றமடிக்கும் கையை அவள் தலையில் வைத்தார். "சரி சரி, விடு. நல்லாருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு."

நோன்பை நிறுத்தவில்லை.

நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்குப் படகை இழுத்துப் போட்டவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். சாய்ந்தார். அஷ்மீர் தண்ணீர் கொண்டு வந்து உதட்டில் வைத்தபோது வாயை இறுக்கி மூடிக்கொண்டாராம். நோன்பு. சுகாதார நிலையத்துக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஐம்பத்தேழு வயது.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். ஊருக்குச் சொல்ல வேண்டும், அதற்கு ரேடியோதான். பகல் மரண அறிவிப்புக்காக ஜொபீதா நிலையத்துக்குப் போன் செய்தாள். அங்கே வயதான ஒரு அறிவிப்பாளர், முப்பது வருஷமாக இறந்தவர்களின் பெயரை மட்டுமே படிக்கிறவர். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். ஜமீர் காசிம். செட்ரோஸ் மீனவர். ஷைரூனின் கணவர். ஜொபீதாவின் அண்ணன்.

"வேற பேரு ஏதாச்சும் உண்டா, மிஸ்? எல்லாரும் கூப்பிடற பேரு?"

"இல்ல."

"மிஸ் காசிம், தப்பா எடுத்துக்காதீங்க. ஜமீர் காசிம்னு சொன்னா யாருக்கும் புரியாது."

"புரிஞ்சவங்க வரட்டும், சார்."

பன்னிரண்டரை மணிக்கு ரேடியோ பாடியது, நின்றது, அந்த மிருதுவான குரல் வந்தது. அவள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் படித்தது. அப்புறம், நல்ல மனசோடுதான், உண்மையிலேயே நல்ல மனசோடு, தானாக ஒரு வரி சேர்த்தது: "நிலா ஜமீர் என்று நாடு முழுக்க அறியப்பட்டவர்."

ஷைரூன் ரேடியோவை அணைக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கூட்டம் வந்தது. பாயின்ட் ஃபோர்ட்டினிலிருந்து, சிபாரியாவிலிருந்து, எங்கெங்கிருந்தோ. தெரு நிறைய வண்டி. வாசலில் ஆண்கள் குரல் தாழ்த்திப் பேசினார்கள். ஹாஜி சுல்தான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். உள்ளே பெண்கள் தரையில் நெருக்கி உட்கார்ந்து யாசீன் ஓதினார்கள்.

ஓதி முடித்ததும் ஒரு பெண் நகர்ந்து வந்து ஷைரூனின் கையைப் பிடித்தாள். கடைசித் தெருவில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரி. அவளைப் பார்த்ததும் ஷைரூனுக்கு விம்மல் வந்தது.

"இன்னிக்கு உங்க வீட்டுக்குத்தான் வச்சிருந்தாரு" என்றாள். "காலையில எழுந்து சொல்லிட்டுத்தான் போனாரு. இன்னிக்குத் தொட்டி வீடுன்னு."

"எங்க வீட்டுக்கா? என்னது?"

ஷைரூன் சொன்னாள். வீட்டுக்கு ஒரு நாள் என்று. ஊர் வாசலிலிருந்து ஆரம்பித்தது என்று.

அந்தப் பெண் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். "ஐயோ. நாங்க அந்த நோன்ப அந்த வாரமே வச்சு முடிச்சிட்டோமேம்மா. இமாம் சாஹிப் சொன்னாரு, அடுத்த திங்கக்கிழமையே வீட்டோட வச்சிட்டோம். ஒரு நாள்தானே, அதுல என்ன இருக்கு?"

"நாங்களும்தான்" என்றது சுவரோரமாக ஒரு குரல். ரம்ஜான் அலியின் மனைவி.

"எங்க வீட்லயும் அப்பவே வச்சாச்சு."

"என் புள்ளைங்ககூட வச்சாங்களே."

ஜொபீதா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நான்கு மாதம். எத்தனை அறிக்கை எழுதினாள், எத்தனை வரியை அடித்து எழுதினாள், நாட்டுக்கெல்லாம் பேசினாளே.

"எல்லாருமா வச்சீங்க?" என்றாள். "இத ஒருத்தர்கூட எங்கண்ணன்கிட்டப் போய்ச் சொல்லலியா? எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

யாரும் கோபமாகப் பேசவில்லை. தொட்டி வீட்டுக்காரிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"உங்கிட்டப் பேப்பர்காரங்கல்லாம் பேசிட்டிருந்தாங்களேம்மா. எங்கள நீ கேக்கவே இல்லியே, பி.ஆர்.ஓ."

வெளியே ஜனாஸாவைத் தூக்கினார்கள். பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள்.